காலம் பார்த்திருத்தல்

இராமநாதபுரத்தைச் சார்ந்த இலட்சுமிபுரத்தில் தாயுமான அடிகளின் சமாதி அமைந்துள்ளது. அடிகள் ஆங்குச் சிவத்தொடு கூடுதற்கு முன், குருவின் சொல்வழிப் பொறுத்திருந்த காலம் ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

திருச்சிராப்பள்ளியில், விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) அரசில் அலுவல் பூண்டிருந்த அடிகள், மௌனகுருவைக் கண்டு, அப்பொழுதே துறந்து உடன்செல்ல விழைந்தனர். குருவோ, இல்லறத்து நின்று காலம் வருந்துணையும் காத்திருக்குமாறு பணித்தனர். அவ்வாறே அடிகள் மட்டுவார்குழலியம்மையாரை மணந்து, கனகசபாபதி யென்னும் மகவைப் பெற்றனர். அம்மையார் மறைந்த பின்னரே குரு மீண்டும் போந்து துறவளித்தனர் என்ப.

அற்றேல், காலம் வருமளவும் வாளா இருத்தல் அமையுமோ எனின், அமையாது. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவழியே சத்திநிபாதம் நிகழுமென்பது சித்தாந்தத் துணிபு. அப்பக்குவம் ஒருநாளில் விளைவதன்று. இல்லறமே குருவின் ஆணையாதலின், ஏவுவார் அருகில்லாத அவ்வாண்டுகளில் அதனை வழுவாது நடத்தியதே அடிகட்குச் சாதனமாயிற்று. விழைவு குற்றமன்று, பக்குவத்தை முந்தும் விழைவே தடையாம். ஆகலின், குரு தாழ்த்தமையும் அருளே என்க.

சின்னாள் பூசித்துப் பயன் காணேமெனச் சோர்வார், இலட்சுமிபுரத்தை நினைவாராக.