வரிச் சீட்டையும் எடை போட்டுப் பாருங்கள்

மூட்டை வந்து இறங்கியதும் நாம் முதலில் எடை போட்டுப் பார்க்கிறோம். அதன் பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போடுகிறோம். ஐம்பது கிலோ துவரம் பருப்பில் ஒரு கிலோ குறைந்தாலும் லாரியை நிறுத்தி வைத்துக் கேட்கிறோம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை வரும் சொத்து வரியை மட்டும் என்ன தொகை, எதற்காக என்று பார்க்காமல் கட்டிவிட்டு, ரசீதைக் கம்பியில் குத்திவிடுகிறோம்.

இந்தத் தவற்றை முதலில் செய்தவன் நானே. திருவான்மியூரில் என் கட்டிடத்தின் கீழ்ப்பகுதியில் கடை, மாடியில் 550 சதுர அடி இடம். தொடக்கத்தில் மாடியைக் கிடங்காக வைத்திருந்தேன். ஆகவே மாடியும் வணிகப் பயன்பாடு என்றே பதிவாகியிருந்தது, அது சரியே. பிற்பாடு கிடங்கை வேறிடத்திற்கு மாற்றிவிட்டு மகன் குடும்பத்தை மாடியில் குடியமர்த்தினேன். பேரப்பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டார்கள். பயன்பாடு மாறியதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 2022-ல் வரி உயர்ந்தபோதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தேன். பிள்ளைகள் படுத்துத் தூங்கும் அறைக்குக் கடை வரி கட்டி வந்திருக்கிறேன். மனுக் கொடுத்தேன், அலுவலர் வந்து பார்த்தார், பதிவு மாறியது. ஆனால் அதுவரை கட்டிய பணம் கட்டியதுதான். அந்த நஷ்டம் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வரி எப்படிக் கணக்காகிறது?

கட்டிடத்தின் விலையை வைத்து நம் ஊரில் சொத்து வரி போடுவதில்லை. அது நியாயமாக என்ன வாடகைக்குப் போகும் என்பதை வைத்துப் போடுகிறார்கள். தெருவுக்குத் தெரு ஒரு சதுர அடிக்கு அடிப்படை வீதம் உண்டு. குடியிருப்புக்கு ஒரு வீதம், வணிகத்திற்கு அதைவிடக் கூடுதல் வீதம். கட்டிடத்தின் பரப்பை இந்த வீதத்தால் பெருக்கி, கட்டிடத்தின் வயது, உரிமையாளரே குடியிருக்கிறாரா என்பவற்றுக்குத் தகுந்தபடி கழிவு கொடுத்து, ஆண்டு மதிப்பு என்ற ஒரு தொகையை எட்டுகிறார்கள். அந்த ஆண்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்பதே அரையாண்டு வரி.

இந்த ஆண்டு மதிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. சென்னைக் குடிநீர் வாரியம் வசூலிக்கும் குடிநீர், கழிவுநீர் வரியும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் என்றே கணக்கிடப்படுகிறது. எனவே ஆண்டு மதிப்பில் பிழை இருந்தால் இரண்டு இடத்தில் பணம் போகும். ஓரிடத்தில் திருத்தம் பெற்றவர், அந்த ஆணையின் நகலை மற்ற இடத்திலும் கொடுக்க வேண்டும்.

2022-ல் நடந்தது என்ன?

சென்னையில் 1998-க்குப் பிறகு பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018-ல் உயர்த்தப்பட்ட வரி 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 2022 ஏப்ரலில் ஒரேயடியாக உயர்வு வந்தது. மாநகராட்சியின் பழைய பகுதிகளில் குடியிருப்புகளுக்கு, 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். வணிகக் கட்டிடங்களுக்கு 150 சதவீதம். 2011-ல் சேர்க்கப்பட்ட பகுதிகளில் இவை குறைவு. அங்கே வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீதம்.

திருவான்மியூர் பழைய பகுதியில் சேர்ந்தது. கொட்டிவாக்கமும் பாலவாக்கமும் 2011-ல் சேர்ந்தவை. இங்கே 2,000 ரூபாய் கட்டிய கடைக்கு 5,000 ஆயிற்று. அங்கே அதே 2,000 ரூபாய்க் கடைக்கு 4,000 ஆயிற்று. சம்பந்தி கடையோடு நம் கடையை ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகுமுன் எந்தப் பகுதி என்று பாருங்கள்.

மாடி வீட்டுக்காரர் கணக்கையும் பார்ப்போம். 550 சதுர அடி மாடி குடியிருப்பு என்று பதிவாகி 800 ரூபாய் வரி இருந்தால் அது 1,200 ஆகியிருக்கும். அதே மாடி வணிகம் என்று பதிவாகி 2,000 ரூபாய் இருந்தால் 5,000 ஆகியிருக்கும். இந்தத் தொகைகள் விளக்கத்துக்காகச் சொன்னவை. ஆனால் ஒரு சொல் மாறுவதால் விழும் பள்ளம் உண்மையானது.

2024 செப்டம்பரில் மாமன்றம் மேலும் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. ஆண்டுதோறும் 6 சதவீதம் உயருமானால் பன்னிரண்டு ஆண்டில் தொகை இரட்டிப்பாகும். தவறான தொகையும் அப்படியே குட்டி போடும்.

சீட்டில் பார்க்க வேண்டியவை

1. பெயர்: காலமான தந்தை பெயரிலேயே இருக்கிறதா? எங்கள் தெருவில் கடை நடத்தும் ஓர் அம்மாள், மாமனார் பெயரில் வந்த நோட்டீஸை, 'நமக்கு வந்ததல்ல' என்று அலமாரியில் வைத்துவிட்டார். ஆட்சேபம் சொல்லும் நாள் கடந்துவிட்டது. கணவரும் இல்லாத நிலையில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, வட்டியும் சேர்த்துக் கட்டினார். பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

2. பரப்பு: டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். குறைத்துச் சொல்லவும் வேண்டாம், கூடுதலை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

3. பயன்பாடு: எது கடை, எது வீடு என்று தளவாரியாகப் பிரித்துப் பதிவாகியுள்ளதா?

4. குடியிருப்பவர்: சொந்தக் குடியிருப்பா, வாடகையா? நீங்களே குடியிருந்தும் வாடகை என்று இருந்தால் கழிவு போய்விடும்.

5. இல்லாத கட்டிடம்: இடித்துவிட்ட கொட்டகைக்கு எழுதிக் கொடுக்காதவரை வரி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆட்சேபம் சொல்வது எப்படி?

நோட்டீஸ் வந்தால் வந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். அதை வட்டமிட்டுக் கல்லாவுக்கு எதிரே ஒட்டுங்கள். மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். 'வரி அதிகம், வியாபாரம் மந்தம்' என்று எழுதினால் பயன் இல்லை. 'பரப்பு 900 என்று உள்ளது, அளவு 780. வரைபட நகல் இணைப்பு' என்று எழுதினால் சரிபார்த்தே ஆக வேண்டும். நமக்கு உரியது அடையாறு மண்டலம், எண் 13. மனுவுக்கு ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள். அங்கே கிடைத்த முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஆனால் மேல்முறையீடு போட்டிருக்கிறேன் என்று வரியை நிறுத்தி வைக்காதீர்கள். கட்டிவிட்டு வாதாடுவதே பாதுகாப்பு.

விலக்கு யாருக்கு?

பொது வழிபாட்டுத் தலங்கள், தரும மருத்துவமனைகள், தொல்பொருள் சின்னங்கள், இடுகாடு சுடுகாடு போன்றவற்றுக்குச் சட்டம் விலக்கு அளித்து வந்திருக்கிறது. விலக்கு அந்தப் பயன்பாட்டுக்கே உரியது. வாடகைக்கு விட்ட கடை அறக்கட்டளையின் இடம் என்பதாலேயே வரி இல்லை என்று நினைக்கக்கூடாது.

நம் போன்றோருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. 2023-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டப்படி, அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. அரையாண்டு தொடங்குவது ஏப்ரலிலும் அக்டோபரிலும். முப்பது நாளில் பணம் கொடுத்தால் 5 சதவீதம் தள்ளித் தரும் மண்டி எங்கே இருக்கிறது?

வாடகைக் கடைக்காரர்களுக்கு ஒரு சொல். வரி உரிமையாளர் பொறுப்பு. அதை நீங்கள் கட்டுவதாகப் பேச்சு இருந்தால் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டிய ரசீதின் நகலை வாங்குங்கள். முறையாகக் கணக்கு எழுதி வருமான வரி காட்டுவோருக்கு, கடைக்குக் கட்டிய சொத்து வரி வியாபாரச் செலவாகும்.

நிறைவாக ஒரு யோசனை. ஒவ்வொரு தெருவிலும் கணக்குத் தெரிந்த இருவர், வயதான உறுப்பினர்களின் சீட்டை வாங்கி இந்த ஐந்து விவரங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிபார்த்துக் கொடுக்கலாம். ஒரு டேப்பும் ஒரு பேனாவும் போதும். சரியாக இருந்தால் மனநிறைவோடு கட்டுவோம். நகரத்தின் தெருவிளக்கும் சாலையும் நம் பணத்தில்தானே நடக்கின்றன! தவறாக இருந்தால் நாள் கடக்குமுன் எழுதிக் கொடுப்போம். இன்று இரவு கடையைக் கட்டுமுன் உங்கள் வரிச் சீட்டை ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.