சீசன் நேரத்தில் வெற்று பேக்கப்

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் விடுதிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியொரு ஜூலைக் காலையில்தான் ஐந்தருவி சாலை விடுதி மேலாளர் போன் போட்டார்: "அண்ணாச்சி, பேக்கப் ஃபைல் பூரா சைபர் காட்டுது. என்னன்னு வந்து பாருங்க."

தென்காசியிலிருந்து பைக்கில் கிளம்பியவர், இதை எழுதுகிறவர். தப்பும் அவருடையதுதான்.

அங்குள்ள சர்வரில் இருந்தது ஆல்மாலினக்ஸ் 8. 2019இல் வந்த ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8ஐ அடியொற்றியது. அந்தப் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பிஎச்பி போன்றவை 'மாட்யூல்'களாக வரும். ஒவ்வொன்றிலும் பல பதிப்பு வரிசைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிறுவ முடியும். போஸ்ட்கிரெஸுக்கு அது தானாகத் தருவது 10. விடுதியின் பில் மென்பொருளோ 14 கேட்டது. மாட்யூலில் 14 கிடையாது. போஸ்ட்கிரெஸ் திட்டத்தாரின் களஞ்சியத்தைச் சேர்த்தால், மாட்யூல் வடிகட்டி அந்தத் தொகுப்புகளை மறைத்துவிடும். அதனால்தான் முதலில் மாட்யூலை முடக்கச் சொல்கிறது அவர்களுடைய நிறுவல் குறிப்பு. 14ஐ நிறுவியபோது அவரும் முடக்கினார்.

முடக்கினால் புதிதாக எதுவும் வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது எழுந்து போகாது! எப்போதோ நிறுவிய 10இன் கருவிகள் 'யுஎஸ்ஆர் பின்' அடைவில் அப்படியே கிடந்தன. 14 தனக்கென்று எண் போட்ட தனி அடைவில் இறங்கியது. மோதலைத் தவிர்க்க அந்தத் திட்டத்தார் செய்திருக்கும் நல்ல ஏற்பாடு அது. பொது அடைவில் வைக்கப்போன இணைப்பு மட்டும் விழவில்லை, அந்தப் பெயரில் நிஜக் கோப்பே இருந்ததால். அதைச் சொன்ன வரி திரையில் ஓடியது. யார் படித்தார்கள்?

இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் 'பிஜி டம்ப்' என்று பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டது. வந்தது பழைய 10. தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து தரவை எடுக்க அது மறுத்துவிடும். மிஞ்சியது வெற்றுக் கோப்பு.

பழைய தொகுப்பை நீக்கி, ஸ்கிரிப்டில் முழுப் பாதையையும் எழுதினார். அன்றிலிருந்து வெளித்தொகுப்பு எதையும் சேர்க்குமுன், அது வைக்கப்போகும் கோப்பு ஏற்கெனவே எந்தத் தொகுப்புக்குச் சொந்தம் என்று ஆர்பிஎம்மிடம் கேட்டுவிடுகிறார். 'ஃபோர்ஸ்' போட்டு மேலெழுதுவதில்லை. பைத்தான் நூலகம் என்றால் தனிச் சூழல்தான். ரூட்டாக 'பிப்' ஓட்டுவதே இல்லை. டெபியன் 12உம் 2023இலிருந்து அப்படி ஓட்டினால் தடுக்கிறது. ரெட்ஹாட்டுக்கே மாட்யூல் அலுத்துவிட்டது போலும்: 2025இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டது.

மதியம் புதிய பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றினார்கள். மேலாளர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் இருந்தன.