ஒரு துளி இரத்தம்

நீரிழிவு ஓசையின்றி வரும் நோய். அறிகுறி ஏதும் தோன்றாமலே ஆண்டுகள் சில கழியலாம். அதற்குள் கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவை பழுதடையத் தொடங்கிவிடும். ஆதலின் காலத்தே கண்டறிதல் இன்றியமையாதது.

மெலிந்தவர்க்கு இந்நோய் வாராது என்று பலர் கருதுவர். புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், 1993ஆம் ஆண்டு முதல் புனேவை அடுத்த ஆறு சிற்றூர்களில் தாய்மார்களையும் குழந்தைகளையும் ஆராய்ந்தனர். அக்குழந்தைகள் மேலைநாட்டுக் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தனர். எனினும் அவர்தம் உடலில் கொழுப்பு ஒப்பளவில் மிகுந்திருந்தது. தோற்றத்தைக் கொண்டு நோயை மதிப்பிடலாகாது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

சிற்றூர்தோறும் ஆய்வகம் அமைப்பது அரிது. இக்குறையை நீக்கியது குளுக்கோமீட்டர் என்னும் கையடக்கக் கருவி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008இல் தொடங்கிய ஆய்வில், மகாராட்டிரம், தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் விரல்நுனி இரத்தம் இக்கருவியால் சோதிக்கப்பட்டது. 20 வயது நிரம்பியோருள் தமிழ்நாட்டில் 10.4 விழுக்காட்டினரும் மகாராட்டிரத்தில் 8.4 விழுக்காட்டினரும் நீரிழிவு உடையோர் என 2011இல் அறிவிக்கப்பட்டது. அவருள் பலர் அன்றுவரை தம் நோயை அறியாதவர்.

சோதனைப் பட்டையில் உள்ள நொதி, இரத்தத்திலுள்ள குளுக்கோசுடன் வினைபுரிகிறது. அப்போது சிறு மின்னோட்டம் பிறக்கிறது. கருவி அதனை அளந்து, சில நொடிகளில் சர்க்கரையின் அளவைக் காட்டுகிறது.

1970 அளவில் அமெரிக்காவில் வெளிவந்த முதற்கருவி ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையது. மருத்துவர்க்கு மட்டுமே விற்கப்பட்டது. சிறுவயது முதல் நீரிழிவுற்றிருந்த ரிச்சர்டு பெர்ன்ஸ்டீன் என்னும் பொறியாளர், மருத்துவரான தம் மனைவி வாயிலாக அதனைப் பெற்றார். நாள்தோறும் தம்மைத் தாமே சோதித்து உடல்நிலையைச் சீராக்கினார். பின்னர்த் தம் 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரும் ஆனார்.

கருவியைப் பயன்படுத்துவோர் முதலில் கைகளைக் கழுவித் துடைத்தல் வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியுள்ள இனிப்பும் அளவை உயர்த்திக் காட்டும். காலாவதியான பட்டையைப் பயன்படுத்தலாகாது. ஒருவர்க்குப் பயன்படுத்திய ஊசியைப் பிறர்க்குப் பயன்படுத்துதல் கூடவே கூடாது. கருவி ஐயத்தை எழுப்பும். நோய் உண்டென உறுதி செய்வது ஆய்வகச் சோதனையும் மருத்துவருமே.

இன்சுலின் செலுத்திக்கொள்ளும் மாணவர் வகுப்பிலும் இருக்கலாம். அவர்க்குத் திடீரென வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றினால் சர்க்கரை குறைந்திருக்கக் கூடும். 100 மில்லி லிட்டருக்கு 70 மில்லி கிராமுக்குக் கீழ்க் குறைந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துத் தருதல் வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். நினைவிழந்தவர்க்கு வாய்வழியே எதுவும் தரலாகாது. உடனே ஆசிரியரிடம் தெரிவித்து மருத்துவ உதவி பெறுதல் வேண்டும். அத்தகைய மாணவர் விரலில் ஊசி குத்திச் சோதிக்கும்போது நகையாடாது துணைநிற்பதே நட்பு.

சொற்பொருள்
நொதி – உயிரினங்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு
நகையாடுதல் – கேலி செய்தல்

பயிற்சி
1. புனே ஆய்வு உணர்த்தும் உண்மை யாது?
2. கைகளைக் கழுவிய பின்னரே சோதிக்க வேண்டும் என்பது ஏன்?
3. பிரித்து எழுதுக: இவ்வாய்வு, விரல்நுனி, சிற்றூர்.
4. சர்க்கரை குறைந்த நண்பனுக்கு உதவும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.