கூடைப்பந்துக் களத்தில் ஒரு தமிழ்ப்பெண்: அனிதா பால்துரையின் ஆட்டவாழ்வு – ஓர் ஆய்வு

முன்னுரை

பந்தாடல் தமிழ் மகளிர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வரும் கந்துகவரி, மகளிர் பந்தடித்துப் பாடும் பாடலாகவே அமைந்துள்ளது. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ எனத் தனிப்பகுதியே உண்டு. ஆயின் பந்தாட்டம் அங்கெல்லாம் கலையாகவும் பொழுதுபோக்காகவுமே நின்றது. அதுவே ஒரு பெண்ணின் தொழிலாகவும் வாழ்வாகவும் மலரக்கூடும் என்பது நம் காலம் கண்ட உண்மை. இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய, சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அவர்களின் ஆட்டவாழ்வை ஆராய்ந்து, காவிரிப் படுகையில் பயிலும் நம் மாணவியர் அதனின்று கொள்ளத்தக்கது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் தோற்றமும் வரவும்

1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் கூரையின்கீழ் ஆடுவதற்கென இவ்விளையாட்டை வகுத்தார். பழக்கூடைகளே அன்று இலக்குகளாயின, விதிகள் 13. மறு ஆண்டே சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை இதனைப் பெண்கள் கல்லூரியொன்றில் அறிமுகப்படுத்தினார். ஆகவே இது தோன்றிய நாள்முதலே பெண்களுக்கும் உரிய ஆட்டமாயிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியே இவ்வாட்டம் இந்தியாவை அடைந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, தமிழகத்தில் விளையாட்டுக் கல்வி வேரூன்றப் பெருந்துணை புரிந்தது.

தொழில்முறை ஆட்டமும் இந்திய நிலையும்

அமெரிக்காவில் ஆடவர்க்கான தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பு 1946-இல் தோன்றியது. மகளிர்க்கான அமைப்போ அதன்பின் அரைநூற்றாண்டு கழிந்து, 1996-இல்தான் நிறுவப்பட்டது. அங்கே ஆட்டக்காரர்க்குக் கழகங்கள் ஊதியம் வழங்குகின்றன. இந்தியாவில் அவ்விடத்தைப் பெரும்பாலும் நிரப்பியவை இரயில்வே போன்ற பொதுத்துறை நிறுவனங்களே. விளையாட்டுத் தகுதியின் அடிப்படையில் பணி வழங்கி, பயிற்சிக்கு நேரமும் போட்டிக்கு விடுப்பும் அளித்து, ஆடும் பருவம் கழிந்த பின்னரும் வாழ்வுக்கு உறுதி தரும் முறை இது. அனிதா பால்துரையும் தென்னக இரயில்வேயில் பணிபுரிந்தவரே. நம் திருவிடைமருதூர் வழியாக நாள்தோறும் ஓடும் வண்டிகளை இயக்கும் அதே தென்னக இரயில்வே, ஆட்டக்காரர்களை வளர்க்கும் தாய்வீடாகவும் விளங்குவதை நம்முள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அனிதாவின் சாதனைகள்

1985-இல் பிறந்த அனிதா, 19-ஆம் வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவியானார். பட்டப்படிப்பிற்காக மாணவியர் பாடநூலைப் புரட்டும் வயதில், தம்மினும் மூத்தவர்களை அவர் வழிநடத்தினார். ஆசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டியில் 9 முறை ஆடினார். இப்போட்டி பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெறுவது. எனவே 9 முறை என்பது ஒரு வெற்றியின் கணக்கன்று. ஒன்றரைப் பதிற்றாண்டுக்கும் மேலாக உடலையும் உள்ளத்தையும் காத்துவந்த ஒழுக்கத்தின் கணக்காகும். தேசிய அளவில் அவர் வென்ற பதக்கங்கள் 30.

அணிக்கு மூவர் ஆடும் கூடைப்பந்தில், பாதிக் களமும் ஒரே வளையமும் மட்டுமே உண்டு. 10 நிமிடத்தில் அல்லது ஓரணி 21 புள்ளிகளை எட்டியதும் ஆட்டம் முடிந்துவிடும். இவ்வகை ஆட்டத்தில் 2013-இல் தோஹா நகரில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் இந்திய மகளிர் தங்கம் வென்றபோதும் அனிதா களத்தில் இருந்தார்.

தாய்மையும் களமும்

பெண் ஆட்டக்காரர் பலருடைய விளையாட்டு வாழ்வு திருமணத்தோடு முடிகிறது. எஞ்சியோர் பலர்க்கு மகப்பேற்றோடு முடிகிறது. அனிதாவோ தாயான பின்னரும் பயிற்சியை மீண்டும் மேற்கொண்டு இந்திய அணிக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடைபெற்ற ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில், கசகஸ்தானை 75–73 என இரண்டே புள்ளிகளில் வென்று, இந்தியா முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அவ்வெற்றி அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார். 2021-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

நம் கடமை

இவ்வாட்டவாழ்விலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, திறன் இயற்கையாயினும் அது நிலைப்பது நிறுவனத்தின் துணையால். இரண்டாவது, ஒருநாள் வெற்றியினும் நெடுநாள் நிலைபேறே உயர்ந்தது. மூன்றாவது, இடைவெளி முடிவாகாது. திரும்பிவர வீட்டார் இசைந்தால் போதும்.

கூடைப்பந்துக் களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். நம் தஞ்சை வட்டார நிலக்கணக்கில் சொன்னால், ஒரு மா நிலத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. 3.05 மீட்டர் உயரத்தில் இரண்டு வளையங்களும் ஒரு பந்தும் இருந்தால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். சம்பாவும் குறுவையும் விளையும் இம்மண்ணில் அவ்வளவு இடத்திற்குப் பஞ்சமில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் பெண்பிள்ளை களத்தில் நிற்கலாம் என்னும் இசைவுக்கே பஞ்சம். தக்க மேற்பார்வை, பாதுகாப்பான போக்குவரத்து, ஆசிரியையரின் துணை ஆகியவற்றை நாம் உறுதிசெய்தால், பெற்றோரின் தயக்கம் தானே அகலும். அத்தயக்கத்தைக் குறைகூறுவதினும் அதன் காரணத்தை நீக்குவதே அறிவுடைமை.

முடிவுரை

நாற்றங்காலில் நெருங்கி வளர்ந்த பயிரைப் பறித்து, இடம்விட்டு நட்டால்தான் தூர் கட்டும், கதிர் ஈனும். பெண்மக்களின் ஆற்றலும் அத்தகையதே. அனிதா பால்துரை போன்ற இன்னொருவர் இப்படுகையின் ஏதேனுமொரு பள்ளியில் இன்று பயின்றுகொண்டிருக்கலாம். அவருக்கு ஆட இடமும், பயில நேரமும், திரும்பிவர வழியும் தருவது ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோர்களும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும். மாணவச் செல்வங்களே, வளையம் உயரத்தில் இருப்பது நீங்கள் எட்டித் தாவுவதற்கே என்பதை நினைவிற் கொள்க.