எக்ஸெல்லில் ஒரு சமூகக் கணக்கு

எக்ஸெல் என்றாலே வரவு செலவு எழுதத்தான் எனப் பலர் எண்ணுகின்றனர். ஊர் நடப்பையும் அதில் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களும் இதனைச் செய்திடலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்கள் 9,26,345, பெண்கள் 9,44,029. இங்கு பெண்களே அதிகம். இணையத்தில் நிலைமை வேறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்திய அளவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம்.

இப்படிக் குறைவாக நுழைபவர்களுக்கு, உள்ளே வந்த பின் என்ன நடக்கும்? 2015ல் கிளேர் மாத்யூ, டேவிட் பெலெக் உள்ளிட்ட ஆறு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு கணித மாதிரி அமைத்தனர். அதன் விதிகள் மூன்று:

1. பெண்கள் குறைவாகச் சேருகின்றனர்.
2. புதிதாக வருபவர், ஏற்கனவே பல தொடர்புகள் உள்ளவரையே அதிகம் நாடுகிறார்.
3. ஆண் ஆணையும், பெண் பெண்ணையும் சற்றுக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கின்றனர்.

நாகர்கோவில் கடைக்காரர்களுக்கான ஒரு வலைதளத்தைக் கற்பனை செய்வோம். சேருபவர்களில் 100க்கு 30 பேர் பெண்கள். எதிர்ப்பாலார் என்றால் பாதித் தடவைதான் தொடர்பு ஏற்படும். இனி கணக்கிற்கு வருவோம்.

1. ஏ1 செல்லில் 0.3 என டைப் செய்திடவும். தொடர்புகளில் பெண்களின் தொடக்கப் பங்கு இது.
2. ஏ2 செல்லில் கீழ்க்காணும் பார்முலாவை அமைத்து என்டர் தட்டவும். (ஏ என்பதனை ஆங்கில எழுத்தாக டைப் செய்யவும்.)
=(0.3+0.3*ஏ1/(ஏ1+0.5*(1-ஏ1))+0.7*0.5*ஏ1/(0.5*ஏ1+1-ஏ1))/2
3. ஏ2 செல்லின் வலது கீழ் மூலையை மவுஸால் பிடித்து ஏ20 வரை இழுக்கவும்.

நான் செய்தபோது 0.281, 0.273, 0.270 எனக் குறைந்து 0.267ல் நின்றது. அதாவது, 100ல் 30 பேராக இருந்தும் தொடர்புகளில் 27 கூட அவர்களுக்கு இல்லை. யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. சின்ன விருப்பங்கள் சேர்ந்தே இந்த இடைவெளியை உண்டாக்கிவிட்டன. ஆர்டரும் கடன் தகவலும் தொடர்புகள் வழியேதான் வருகின்றன என்பதால் இது சிறிய இழப்பல்ல.

இப்போது ஏ2 பார்முலாவில் 0.3, 0.7 உள்ள இடங்களில் எல்லாம் 0.5 என மாற்றி, மீண்டும் இழுக்கவும். ஏ1ஐ மாற்ற வேண்டாம். 0.410, 0.460, 0.482 என ஏறி 0.5ஐ எட்டும். மூன்றாவது விதியை நாம் தொடவே இல்லை. ஆள் சேர்க்கும் விகிதத்தை மட்டுமே மாற்றினோம்.

இது எளிமையாக்கப்பட்ட மாதிரிதான். நிஜ வாழ்க்கை இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் எதிலிருந்து தொடங்கலாம் என்பதைக் காட்டுகிறது. அடுத்த முறை உங்கள் தெருவிற்கோ சங்கத்திற்கோ குழு தொடங்கினால், பெண்களையும் சம அளவில் சேர்த்துப் பாருங்கள்.