அந்துருண்டையை முதலில் எடு

கும்பகோணம்
ஐப்பசி 22

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அத்தை அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்கு முட்டிவலி மழைக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது. புதிதாக ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய்: கப்போர்டைத் திறந்தாலே மக்கிய வாடை, அதனால் எல்லாத் தட்டிலும் அந்துருண்டை போட்டிருக்கிறோம் என்று. “எல்லாத் தட்டிலுமா?” என்று கேட்டேன். “பாப்பா துணி வைக்கிற தட்டிலும்தான் அத்தை” என்றாய். அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. போனில் சொன்னால் ‘சரி அத்தை’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சம்பந்தியம்மா நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து போய்ப் பயல் துணியிலிருந்து அதை எடுத்துவிடு. அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன். அது கரைவதில்லை, ஆவியாகிப் போகிறது. அந்த ஆவி துணியில் ஏறி நிற்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாப்தலீன் வாடையேறிய துணியைப் போட்டால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். நம் பயலுக்கு அந்தக் குறை இருக்கிறதென்று சொல்லவில்லை. பார்க்கவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் கேள். கண் மஞ்சளாகவோ சிறுநீர் கறுத்தோ தெரிந்தால் அதுவரை காத்திருக்காதே, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போ. துணிகளைத் துவைத்து, வாடை சுத்தமாகப் போகும்வரை காற்றில் போட்டுவிட்டுத்தான் உடுத்தணும். மழை விடாவிட்டால் ஃபேன் காற்று போதும்.

இனி அந்த வாடை. ஒரு வாசனையைப் போட்டு இன்னொரு வாடையை மறைப்பது வைத்தியமே இல்லை. மக்கிய வாடை என்பது பூஞ்சை விடும் மூச்சு. பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும். சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்; இந்த மாதங்களில் உங்கள் ஊரில் அது 80க்கு மேல் சர்வசாதாரணமாகப் போகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடி. கப்போர்டைக் காலி செய். பின்சுவர் வெறும் சுவராக இருந்தால் ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் பாத்ரூம்தானே? எனக்கு விடை இப்போதே தெரியும். இருந்தாலும் பார்.

பூஞ்சை படிந்த இடத்தை வெள்ளை வினிகர் தொட்ட துணியால் துடை. மூக்கில் துணி கட்டிக்கொள். பயல் வேறு அறையில் இருக்கட்டும். ப்ளீச்சிங் பவுடரும் வினிகரும் ஒருநாளும் ஒன்று சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். துடைத்த பிறகு கதவை அகலத் திறந்து ஒரு பகல் முழுக்க ஃபேன் ஓடட்டும்.

திரும்ப அடுக்கும்போது பாதி துணியை வை. தட்டில் கை நுழைய இடமில்லாவிட்டால் காற்று எங்கே நுழையும்? ஒருமுறை உடுத்தியதை மடித்து உள்ளே வைக்காதே. இஸ்திரி போட்ட சூட்டோடும் வைக்காதே. லாண்டரிக்காரன் தரும் பிளாஸ்டிக் உறையை அன்றைக்கே கழற்றி எறி. பட்டுப் புடவைகளை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்று, பழைய வேட்டி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று, இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே ஜரிகை முறியும். பட்டை நேர் வெயிலில் காட்டாதே, நிழல் காற்று போதும்.

கிண்ணத்தில் கல்லுப்பு வைக்கலாமா என்று கேட்டாய். மழைநாளில் உப்பு ஜாடி நீர்விடுகிறதே, அது காற்றிலிருந்து வாங்கிய ஈரம்தான். ஆனால் அது வாங்குவது கொஞ்சம். கடையில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பா நிறைய வாங்கும். அதில் தேங்கும் தண்ணீர் பிள்ளை கைக்கு எட்டக்கூடாது. வாடையை இழுக்க ஒரு துணியில் அடுப்புக்கரி முடிந்து வை. வெட்டிவேர் வாசனைக்கு, வசம்பு பூச்சிக்கு. இரண்டும் ஈரத்தைத் தொடாது.

இவ்வளவும் செய்தாலும் அந்தச் சுவரில் அந்தக் கப்போர்டு இருக்கும்வரை அடுத்த ஐப்பசிக்கு இதே கதைதான். சுவரோடு பிளைவுட்டை வைத்து அடிக்காதீர்கள் என்று உங்கப்பாவிடம் அந்த வீட்டைச் செப்பனிடும்போதே சொன்னேன். ‘இப்ப எல்லாம் இதுதான் ஸ்டைல்’ என்றான். தாத்தாவின் தேக்கு அலமாரி எந்த விலைக்குப் போனது, யார் வீட்டு ஹாலில் இப்போது ஷோவுக்கு நிற்கிறது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அண்ணன் என்பதால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அந்த அலமாரிக்கு நாலு கால் இருந்தது. அடியில் துடைப்பம் போகும், பின்னால் கை போகும். ஒரு மழைக்காலமாவது அதில் வாடை வந்தது என்று யாராவது சொல்லட்டும்.

தேக்கு போனது போகட்டும், பாட்டியின் இரும்பு பீரோ என்னிடம் இருக்கிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் போதும். துருப்பிடிக்கும் என்பாய். துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், தேய்த்து வண்ணம் அடிக்கலாம். பிளைவுட் உள்ளுக்குள் மக்குவது தெரியாது. வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம், மாப்பிள்ளையையும் கலந்துகொள். நான் கட்டாயப்படுத்தவே மாட்டேன். படுக்கையறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் ஐந்தடி காலியாக இருப்பதாக உன் அம்மா சொன்னாள். பீரோ மூன்றடிதான். சென்னைக்கு லோடு ஏற்றும் ஒருவரிடம் சும்மா விசாரித்தும் வைத்திருக்கிறேன்.

நீளமாக எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே தங்கம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு, வீட்டையும் நீ நடத்துகிற அழகு எங்களில் யாருக்கும் வந்ததில்லை. போன தடவை உன் வீட்டில் சாப்பிட்ட வத்தக்குழம்பைப் பற்றி மாமா இன்னும் பேசுகிறார். நீ எது செய்தாலும் சரியாகத்தான் செய்வாய். சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். பயலுக்கு ஆயிரம் முத்தம்.

என்றும் உன்
அத்தை

பி.கு.: லாரிக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் இடம் வைத்திருப்பாராம். அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு.