சிங்கராஜ வனத்துச் சிற்றாந்தை

ஆந்தை, கூகை, குடிஞை எனப் பல பெயரால் வழங்கும் இராப்பறவைகளை நம் பழம்புலவர் நன்கறிந்திருந்தனர். பகலிற் காக்கைக்குத் தோற்கும் கூகையைத் திருவள்ளுவர் காலமறிதற்கு எடுத்துக்காட்டினார். திருமறையில் லேவியராகமம் ஆந்தையை உண்ணத்தகாத பறவைகளோடு வைக்கின்றது. சங்கீதக்காரரோ தம் தனிமைக்கு அதனையே உவமையாக்கினார். இவையெல்லாம் மக்கள் கண்ணாற் கண்ட பறவைகள். காணப்படுமுன் ஆறாண்டுக் காலம் செவிக்கு மட்டுமே புலனாயிருந்த ஓர் ஆந்தையைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இலங்கையின் தென்மேற்கே மழை மிக்க தாழ்நிலக் காடுகள் உள. அவற்றுள் ஒன்றாகிய கித்துள்கலைக் காட்டில், 1995-ஆம் ஆண்டில், தீபால் வரகாகொட என்னும் பறவையறிஞர் இருளிடையே நடுங்கி ஒலிக்கும் மெல்லிய குரலொன்றைக் கேட்டார். பறவைக்குரல்களைப் பதிவு செய்தலில் அவர் தேர்ந்தவர். ஆயினும் தாம் அறிந்த குரல்களுள் எதனோடும் அது பொருந்தக் காணார். குரலுக்குரிய உருவம் அவர்க்குத் தோன்றியது 2001 ஜனவரி 23-ஆம் நாள், சிங்கராஜ வனத்திலே. 2004-இல் அவரும் அமெரிக்கப் பறவையியலார் பமீலா ராஸ்முசன் அம்மையாரும் அதனைப் புதிய இனமென நிறுவி, ‘ஓட்டஸ் திலோஹொஃப்மன்னி’ எனப் பெயரிட்டனர். 1868-இல் சீழ்க்கைப் பூங்குருவி கண்டறியப்பட்ட பின்னர் இலங்கையிற் புதிதாகக் காணப்பட்ட பறவையினம் இதுவே.

ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் பறவைகளைச் சுட்டுத் தோல் சேர்த்துப் பெருநூல்களும் எழுதிய அத்தீவில், இஃது எங்ஙனம் தப்பி மறைந்திருந்தது? முதலாவது, அதன் சிறுமை: நீளம் ஏறக்குறைய 16 சென்றிமீற்றரே. இரண்டாவது, அதன் நிறம். உடல் முழுதும் செம்பழுப்பு. அதன்மேற் சிறு கரும்புள்ளிகள். பகலில் நிலத்தை அடுத்த புதரிடையே அது அசையாதிருப்பின் உலர்ந்த சருகுக்கும் அதற்கும் வேற்றுமை காண்டல் அரிது. இலங்கையிலுள்ள அதன் இனத்தாந்தைகள் இரண்டிற்கும் தலையிற் கொம்புபோன்ற இறகுக்குஞ்சங்கள் உண்டு. (செவியெனப் பலர் கருதும் அவை செவியல்ல, வெற்றிறகே.) இப்பறவைக்கோ அக்குஞ்சமும் இல்லை. இவற்றினும் பெரிய காரணம் அதன் குரலென்று நாம் எண்ணுகிறோம். கூகைபோல் அலறாது, ஒற்றை ஒலியை மெல்ல எழுப்பி, ஏறக்குறைய அரைநிமிடம் வாளாவிருந்து, மீண்டும் எழுப்பும். தவளையும் சிள்வண்டும் இரையும் மழைக்காட்டில் அதனைப் பிரித்தறிதற்குப் பழகிய செவி வேண்டும். அந்தி மயங்கிய சிறிது போதிலும், விடியற்கு முன்னும் அது கூவும். வண்டு, விட்டில் முதலிய பூச்சிகளைப் பெரும்பாலும் நிலத்தருகே பிடித்துண்ணும்.

பறவையின் பெயர் திலோ ஹொஃப்மன் என்பவரைக் குறிப்பது. அவர் சுவிற்சர்லாந்திற் பிறந்து 1946-இல் இலங்கைக்கு வந்தவர். வனவிலங்குக் காப்புச் சங்கத்தின் தலைவராயிருந்தவர். 1970-ஆம் ஆண்டுகளில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டிச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கள் புகுந்தபோது, அதனை எதிர்த்து முன்னின்றவருள் அவர் தலையாயவர். 1977-இல் அவ்வெட்டு நிறுத்தப்பட்டது; 1988-இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. சங்கப்புலவருள் ஒருவர், தம் பாட்டிற் கூகைக்கோழியைப் பாடியமையாற் கூகைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். ஈண்டோ ஆந்தை மனிதன் பெயரைப் பெற்றது. நாம் வியப்பது வேறொன்று. காடு காக்கப்பட்ட அந்நாளில், அதனுள் இத்தகைய உயிரொன்று உண்டென்பதைக் காத்தவரும் அறியார், வெட்டியவரும் அறியார். காடு முற்றும் அழிந்திருப்பின், இவ்வாந்தை அங்கு வாழ்ந்ததும் மடிந்ததும் எவர்க்கும் தெரிந்திராது.

இஃது இலங்கையன்றி வேறெங்கும் இல்லை. அங்கும் கடல்மட்டத்திற்கு மேல் 30 முதல் 530 மீற்றர் வரையுள்ள சில காடுகளிலேயே காணப்படும். அக்காடுகள் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் இடையே துண்டுபட்டுக் கிடப்பதால், அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்துள்ளனர். பார்க்கச் செல்வோர் பலர் கண்டது அதன் குரல் வந்த திசையை மட்டுமே.